மாநாட்டுக்குத் தன்னார்வலர்கள் வேண்டும், ஏரி வேலையும் சேர்த்து (கிருஷ்ணகிரி, ஆகஸ்ட்)

#1 கிருஷ்ணகிரி சிவில்

வணக்கம். நம் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் வட்டார மாநாடு இந்த முறை நம்ம ஊருக்கு வந்திருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம், சனி ஞாயிறு. தருமபுரி, சேலம், திருப்பத்தூர், வேலூர் எல்லாம் சேர்த்து 400 பேர் வரை வரலாம். ஆடி மாதம் என்பதால் கல்யாண மண்டபம் சுலபமாகக் கிடைக்கிறது. யாரும் புதிதாகப் பூமி பூஜை போடமாட்டார்கள், நமக்கும் சைட்டில் அலைச்சல் குறைவு.

பேச்சு, சாப்பாடு, குரூப் போட்டோ என்று முடித்துவிடாமல் சுற்றுச்சூழல் சேவையும் செய்ய வேண்டும் என்று செயற்குழுவில் முடிவாகியிருக்கிறது. இதுவரை வந்த யோசனைகள்: ஒரு ஏரியைச் சுத்தம் செய்வது, 1000 மரக்கன்று நடுவது, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது பற்றி ஊர்வலம்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 பேராவது தேவை. வாட்ஸ்அப்பில் "தன்னார்வலர்கள் தேவை" என்று போட்டேன். பெரும்பாலும் எல்லோரும் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர். எப்படி ஆள் சேர்ப்பது, யோசனை சொல்லுங்க.

#2 ஓசூர் காண்ட்ராக்டர்

சுலபம் தலைவரே. வரவேற்புக் குழு, உணவுக் குழு, மேடைக் குழு, பசுமைக் குழு என்று பத்துக் குழு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், இரண்டு துணைத்தலைவர், நாலு ஒருங்கிணைப்பாளர். பெயரை அழைப்பிதழில் அச்சடித்துவிட்டால் வராமல் எங்கே போவார்கள்?

#3 மட்டப்பலகை (தருமபுரி)

வருவார்கள் சார், பட்டுவேட்டியோடு மேடைக்கு வருவார்கள். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் கேன் இறக்க ஒருங்கிணைப்பாளர் யாரும் வருவதில்லை. போன மாநாட்டில் அழைப்பிதழில் அச்சடித்த பெயர்களை எண்ணினால் ஒரு கிராமத்து வாக்காளர் பட்டியல் அளவுக்கு இருந்தது. நாற்காலி அடுக்கியது சமையல்காரரின் உதவியாள்.

"தன்னார்வலர்கள் தேவை" என்றால் யாருக்கும் அது தன்னைக் கூப்பிட்ட மாதிரி இருக்காது. ஆளைக் குறிவைத்துப் போன் போடுங்கள். "சனிக்கிழமை காலை ஏழிலிருந்து பத்து வரை பதிவு மேசையில் உட்கார முடியுமா, சேலம் ஆட்கள் பட்டியல் மட்டும் பார்த்தால் போதும்" என்று கேட்டால் முடியும் அல்லது முடியாது என்று பதில் வரும். முடியாது என்பதும் நல்ல பதில்தான், அடுத்தவரைக் கேட்கலாம்.

இன்னொன்று. ஒவ்வொரு மாநாட்டிலும் பெண் பொறியாளர்களை வாசலில் சந்தனம், பன்னீர்ச் சொம்போடு நிற்க வைத்துவிடுகிறீர்கள். இந்த முறை அதற்கு என்னைக் கேட்காதீர்கள். ஆட்டோ லெவலை (நிலத்தின் மேடு பள்ளம் அளக்கும் மிஷின்) கொடுங்கள், வருகிறேன். என்னோடு இன்னும் மூன்று பேரைக் கூட்டியும் வருகிறேன்.

#4 மூன்றாம் ஆண்டு

அண்ணா, நான் பர்கூர் பக்கம் சிவில் படிக்கிறேன். போன வருடம் வேறொரு மாநாட்டுக்கு எங்கள் வகுப்பையே தன்னார்வலர்களாகக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாளும் வாசலில் நின்று வழிகாட்டினோம். உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சாப்பாடும் கடைசிப் பந்தி, சாம்பார் தீர்ந்து ரசம்தான் இருந்தது. சான்றிதழ் கொடுத்தார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இனிமேல் கூப்பிட்டால் எங்கள் பசங்க யோசிப்பார்கள்.

ஒரு நாள் வேலை, ஒரு நாள் உள்ளே உட்கார அனுமதி என்று மாற்றி மாற்றிப் போட்டால் நானே 20 பேர் கொண்டு வருவேன்.

#5 கிருஷ்ணகிரி சிவில்

தம்பி, நியாயமான பேச்சு. சுழற்சி முறை போட்டுவிடலாம், செலவில்லாத விஷயம். பந்தி விஷயமும் குறித்துக்கொண்டேன். தன்னார்வலர்களுக்கு முதல் பந்தி.

மேடம், லெவல் மிஷினை வைத்து மாநாட்டில் என்ன செய்யப் போகிறீர்கள்?

#6 ஏரிக்கோடி

நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அம்மா லெவல் மிஷின் கேட்டதில்தான் சேதி இருக்கிறது, அதைக் கடந்து போகாதீர்கள்.

நாம் பொறியாளர்கள். ஏரிக்குப் போய் பிளாஸ்டிக் கவர் பொறுக்க நாம் தேவையில்லை, அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். அடுத்த வாரம் மறுபடி கவர் வந்து விழும். நம் பக்கத்துச் சின்ன ஏரிகள் பல நிரம்பாமல் கிடப்பதற்குக் காரணம் மழை இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்கால்வாய் மேடேறிக் கிடக்கும். நடுவில் எவனோ தோப்புக்குப் பாதை போட்டு, ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்து வைத்திருப்பான். ஏரிக்குள் குளம் மாதிரித் தோண்டியிருப்பார்கள், கால்வாயை யாரும் தூர்வாரியிருக்க மாட்டார்கள், அதில் சீமைக்கருவேலம். எங்கே அடைப்பு, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொல்ல மட்டம் எடுத்த தாள் ஒன்று வேண்டும். கிராமத்தில் அது இருக்காது. ஒன்றிய அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பார்க்க வேண்டிய ஏரிகள் ஏராளம், நேரம் கிடைப்பதில்லை.

அந்தத் தாளை நாம் கொடுக்கலாம். காவேரிப்பட்டினம் பக்கமோ பாலக்கோடு பக்கமோ ஒரு சின்ன ஏரி எடுத்துக்கொள்ளுங்கள். மதகுப் படி மட்டம், கோடி (உபரி நீர் வழியும் இடம்) மட்டம், கரை உச்சி, அப்புறம் கால்வாயின் நெடுக்குவெட்டு (நீளவாக்கில் மேடு பள்ளம்), 30 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு (அகலவாக்கில்). வரைபடம், மண் வேலை அளவு, மதிப்பீடு. இதைச் செய்ய மாநாட்டுக்கு வந்த 400 பேரை ஞாயிற்றுக்கிழமை மதியம் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. மாநாட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மாநாட்டில் அதையே ஓர் அமர்வாக வைத்து வந்தவர்களிடம் குறை கேளுங்கள். 400 பொறியாளர்களுக்கு முன்னால் ஒரு மதிப்பீடு போனால் அதில் ஓட்டை மிச்சமிருக்காது.

#7 மட்டப்பலகை (தருமபுரி)

ஐயா சொன்னதைத்தான் நான் சொல்ல வந்தேன், பாதியோடு நிறுத்திவிட்டேன்.

இதோடு இன்னொன்றையும் கோத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 15 கிராம சபை. மாநாடு அதற்கு முந்தைய வாரம். மாநாட்டில் திருத்தி முடித்த வரைபடத்தை அந்த ஊர்க் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடச் சொன்னால், காகிதம் அதற்குரிய இடத்துக்குப் போய்விடும். ஆட்களைக் கூப்பிடும்போதும் "15ஆம் தேதிக்குள் இது முடிய வேண்டும்" என்று சொல்ல ஒரு தேதி கிடைக்கிறது. முடிவு தேதி தெரிந்தால்தான் எங்களை மாதிரி வீடு, சைட் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களால் ஒத்துக்கொள்ள முடியும்.

#8 ஓசூர் காண்ட்ராக்டர்

எல்லாம் சரி. 1000 மரக்கன்று என்ன ஆச்சு? அமைச்சர் யாராவது வந்தால் நட ஏதாவது வேண்டாமா? லெவல் ஸ்டாஃபை (மட்டம் பார்க்கும் அளவுகோல்) பிடித்துக்கொண்டா போட்டோ எடுப்பார்?

#9 பாலக்கோடு பொறியாளர்

எடுக்கட்டுமே, புதுசாக இருக்கும்.

கன்று விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான். மாசி, பங்குனியில் யார் தண்ணீர் ஊற்றுவது? நம் பக்கம் ஆடு மேய்ச்சல் வேறு. கூண்டு போடாத கன்று ஒரு வாரம் தாங்காது. 1000 குழி, 1000 கூண்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் வண்டி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். மாநாட்டு மொத்தச் செலவைவிட அதிகமாக வரும்.

மரம் வேண்டும் என்றால் பனை. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை கிடைக்கும், ஏரிக்கரையின் வெளிப்பக்கம் ஊன்றிவிட்டால் அந்த மழையிலேயே பிடித்துக்கொள்ளும். கரை உடம்பில் கண்ட மரத்தை வைக்காதீர்கள், வேர் மட்கினால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். ஐயா இதைப் பற்றி நம்மைவிட நன்றாகச் சொல்வார். ஆகஸ்ட் மாநாட்டுக்குள் இது வராது, அதனால் என்ன? புரட்டாசியில் ஒரு ஞாயிறு தனியாக வைப்போம். அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

அரசுப் பள்ளி வளாகத்தில் புங்கன், வேம்பு, நாவல் என்று 40 கன்று நடலாம். சுற்றுச்சுவர் இருக்கிறது, குழாய் இருக்கிறது. 40 போதும்.

#10 தேன்கனி

ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆட்களை மறந்துவிட்டீர்களே! எங்கள் காட்டில் உண்ணிச்செடி (லன்டானா) மண்டிக் கிடக்கிறது. ஒரு நாள் வந்து வெட்டினால் பெரிய சேவை. காவிரி வடக்கு சரணாலயம், யானை எல்லாம் இருக்கிறது என்று சொன்னால் சேலம்காரர்கள் ஆசையாக வருவார்கள்.

#11 ஏரிக்கோடி

வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது தம்பி. அனுமதி கிடைத்தாலும், உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டினால் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், தூரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் புல் வருகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் மாநாட்டுக்காரர்களுக்கு அது வேலையில்லை. யானை பார்க்கக் கூட்டிப் போவதற்குச் சேவை என்று பெயர் வைக்க வேண்டாம்.

கெலவரப்பள்ளி நுரையும் அப்படித்தான். பெங்களூருப் பக்கத்துக் கழிவு தென்பெண்ணையில் கலந்து வருகிறது, ஓசூரில் ஊர்வலம் போனால் அது நிற்காது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றித் தெரிந்தவர் யாரையாவது அழைத்து ஒரு மணி நேரம் பேச வையுங்கள். அது உருப்படி.

#12 தேன்கனி

சரிங்க ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு உதவி என்னால் முடியும். எனக்குத் தெலுங்கு, கன்னடம் இரண்டும் தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல ஊர்களில் பெரியவர்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். கால்வாய் எந்த வழியாக வந்தது என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த வேலைக்கு என்னைப் போட்டுக்கொள்ளுங்கள்.

#13 கிருஷ்ணகிரி சிவில்

போட்டாச்சு. இந்த இழையில் சேர்ந்த முதல் ஆள் நீங்கள்தான், மேடத்துக்கு அடுத்து.

#14 பென்னாகரம்

எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது என்கிறார்கள். பல்லில் காவி படிந்த பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் கைப்பம்பையும் போர்வெல்லையும்தான் தேடிப் போகிறார்கள்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003லேயே கட்டாயம் ஆனது. பள்ளிக்கூடங்களில் போய்ப் பாருங்கள், பைப் இருக்கும், அது போய்ச் சேர வேண்டிய குழி மூடியிருக்கும். 1000 சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். நாம் தினமும் கட்டுகிற வேலைதானே இது? மாநாட்டுக்கு முன்னால் நாலு பள்ளியில் குழியைத் திறந்து, ஜல்லி கழுவிப் போட்டு, பைப் இணைப்பைச் சரி செய்தால் ஆவணி மழைக்கே தண்ணீர் இறங்கும். ஏரி வேலைக்கு வர முடியாதவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே இதைச் செய்யலாம்.

#15 பாலக்கோடு பொறியாளர்

இது நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும்: கூரைத் தண்ணீரை நேராகப் போர்வெல்லுக்குள் விடாதீர்கள், முதல் மழையின் அழுக்கு எல்லாம் உள்ளே போகும். வடிகட்டிக் குழி கட்டாயம். பைப், ஜல்லி, சிமென்ட் என் கடையில் வாங்கினால் அடக்க விலைக்குத் தருகிறேன். விளம்பரம் இல்லை, சேவை. (சரி, கொஞ்சம் விளம்பரம்.)

#16 ஓசூர் காண்ட்ராக்டர்

அப்போ ஆள் கணக்கைப் பார்ப்போம். கால்வாயில் முள்ளு வெட்ட, குழி தோண்ட என் சைட்டிலிருந்து பத்து ஆட்களை அனுப்புகிறேன். மேஸ்திரியிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து செய்துகொடுத்துவிட்டுப் போவார்கள். தன்னார்வலர் பிரச்சினை தீர்ந்தது.

#17 மட்டப்பலகை (தருமபுரி)

தீரவில்லை சார். அவர்களுக்கு அந்த ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. முதலாளி கேட்டால் மேஸ்திரி முடியாது என்று சொல்வாரா? அவர் கூப்பிட்டால் சித்தாள் முடியாது என்று சொல்லுமா? முடியாது என்று சொல்ல வாய்ப்பில்லாதவரிடம் கேட்டு வாங்குவது தன்னார்வம் ஆகாது. முள்வெட்டு, மண்வேலை, சமையல், கழிவறை சுத்தம் இந்த நாலுக்கும் கூலி கொடுத்தே ஆக வேண்டும், வழக்கமான நாள் கூலி, அன்றன்றைக்கே. நம் உறுப்பினர்கள் தங்கள் படிப்புக்குரிய வேலையை இலவசமாகச் செய்யட்டும். அதுதான் நம்மிடம் இருக்கிற தானம்.

#18 ஓசூர் காண்ட்ராக்டர்

கோபப்படாதீங்க அம்மா. கூலி நான் கொடுக்கிறேன், சங்கத்துக் கணக்கில் வேண்டாம். பத்து ஆள், இரண்டு ஞாயிறு. போதுமா?

#19 மட்டப்பலகை (தருமபுரி)

போதும் சார். கோபம் இல்லை. நன்றி.

#20 கிருஷ்ணகிரி சிவில்

இழை நல்ல வழியில் போகிறது. அனுமதி விஷயம் ஐயா சொல்ல வேண்டும். யாரிடம் கடிதம் கொடுப்பது?

#21 ஏரிக்கோடி

ஏரியின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். நமக்கு இரண்டாவதுதான் தோது. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு கடிதம், நகல் வட்டாட்சியருக்கு. கிராம நிர்வாக அலுவலரை நேரில் போய்ப் பாருங்கள். புலப்படத்தை (நில அளவை வரைபடம்) இணையத்திலேயே எடுத்துவிடலாம், கால்வாய்ப் புறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில் ஓடுகிறது என்று முதலில் தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் களத்துக்குப் போங்கள்.

ஒரு விஷயத்தைத் தன்னார்வலர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆக்கிரமிப்பு கண்ணில் பட்டால் வாயைத் திறக்கக் கூடாது. அளந்து குறித்துக்கொண்டு வந்தால் போதும். ஆக்கிரமிப்புக்குச் சட்டம் இருக்கிறது, அதைச் செயல்படுத்த அதிகாரிகள் இருக்கிறார்கள். இருபது வயசுப் பையன் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு தோப்புக்காரரிடம் சட்டம் பேசினால் அன்றோடு வேலை முடிந்தது. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கூடவே நடக்க வேண்டும், ஏரி நிரம்பினால் யாருடைய கிணறு ஊறுமோ அவர்களாகப் பார்த்துப் பிடியுங்கள்.

ஆள் கணக்கு: ஒரு லெவல் பார்ட்டிக்கு ஐந்து பேர். மிஷினில் ஒருவர், ஸ்டாஃப் ஒருவர், புத்தகம் எழுத ஒருவர், நாடா பிடிக்க ஒருவர், வழிகாட்ட ஊர்க்காரர். புதர் வெட்டியிருந்தால் ஒரு காலையில் ஒரு கிலோமீட்டர் போகலாம். மூன்று பார்ட்டி, இரண்டு ஞாயிறு. ஆக உங்களுக்குக் களத்துக்குத் தேவை 15 பேர்தான், 60 இல்லை. முழுக்கால் சட்டை, ஷூ. கண்ணாடி விரியன் உள்ள இடம். கடித்தால் எந்த வைத்தியமும் பார்க்காமல் நேராக அரசு மருத்துவமனை. வண்டி ஒன்று கரையிலேயே நிற்க வேண்டும்.

#22 மூன்றாம் ஆண்டு

ஐயா, எங்கள் கல்லூரியில் சர்வே லேபில் பத்துப் பேருக்கு ஒரு மிஷின். நான் இதுவரை ஸ்டாஃப்தான் பிடித்திருக்கிறேன். புத்தகம் எழுதும் வேலையாவது எனக்குக் கிடைக்குமா? நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடத்துக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும், திட்ட அலுவலருக்குச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தால் இந்த ஞாயிறுகளை அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். பெண் பிள்ளைகள் வீட்டிலும் அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் விடுவார்கள்.

#23 ஏரிக்கோடி

மிஷினே உனக்குத்தான் தம்பி. முதல் நூறு மீட்டர் நான் பக்கத்தில் நிற்கிறேன். புத்தகத்தில் பின்பார்வை, முன்பார்வை (மிஷினில் பின்னும் முன்னும் பார்த்து எடுத்த அளவுகள்) கூட்டல் பொருந்தாமல் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

#24 மட்டப்பலகை (தருமபுரி)

பெண்கள் வருகிறார்கள் என்றால் கழிவறை எங்கே என்று முதலிலேயே பாருங்கள். பக்கத்து அரசுப் பள்ளியின் சாவி ஞாயிற்றுக்கிழமை யாரிடம் இருக்கும் என்று கேட்டு வைத்தால் போதும். இதை யாரும் யோசிப்பதில்லை, அப்புறம் "பெண்கள் களப்பணிக்கு வருவதில்லை" என்று பேசுவார்கள்.

நேரம் காலை ஆறிலிருந்து பத்து. பத்துக்கு மேல் வெயிலில் ஸ்டாஃப் எண் அலைபாயும், ஆளும் அலைபாயும்.

#25 பென்னாகரம்

சாப்பாட்டுக்குக் களி போடுங்கள். ராகிக் களி, கொள்ளுச் சாறு. மாநாட்டிலும் ஒரு வேளை அதுவே இருக்கட்டும், வேலூர்காரர்கள் சாப்பிட்டுப் பார்க்கட்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பிளாஸ்டிக் டம்ளருக்கு 2019லிருந்தே தடை. ஃபிளெக்ஸ் பேனர் மட்டும் தயவுசெய்து வேண்டாம், துணியில் எழுதுங்கள்.

#26 ஓசூர் காண்ட்ராக்டர்

ஃபிளெக்ஸ் இல்லாமல் மாநாடா? என் படம் எங்கே போடுவது? சும்மா சொன்னேன். துணி பேனர் என் பொறுப்பு.

#27 கிருஷ்ணகிரி சிவில்

இதுவரை தேறியது. களத்துக்கு மட்டப்பலகை மேடமும் அவர் கூட்டி வரும் மூன்று பேரும், தேன்கனி, மூன்றாம் ஆண்டுத் தம்பியின் பசங்க, மேற்பார்வைக்கு ஐயா. பள்ளி வேலைக்குப் பென்னாகரமும் பாலக்கோடும் ஆளுக்கு இரண்டு பள்ளி. மாநாட்டு நாளுக்கு இனிமேல் பொதுவாகச் செய்தி போடப் போவதில்லை. பதிவு மேசை, பேருந்து நிலையத்தில் வரவேற்பு, தருமபுரி ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வருவது (நம்ம ஊருக்குத்தான் ரயில் இல்லையே), ஒலிபெருக்கி, பந்தி என்று நாலு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொருவராகப் போன் பண்ணப் போகிறேன். ஆனி முடியும்வரை தோப்பு வைத்திருப்பவர்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன், மாங்காய் லாரி அனுப்பி முடியட்டும். ஆடி 18 அன்றும் வேலை இல்லை. அன்றைக்கு எவனும் போனை எடுக்கமாட்டான்.

லெவல் மிஷின் இரண்டு தேறியிருக்கிறது. மூன்றாவது வேண்டும்.

#28 பாலக்கோடு பொறியாளர்

என்னிடம் பழைய டம்பி லெவல் (பழைய மாதிரி லெவல் மிஷின்) ஒன்று இருக்கிறது, அப்பா காலத்தது. ஸ்டாண்டில் ஒரு கால் கொஞ்சம் ஆடும். கொண்டு வரவா?

#29 ஏரிக்கோடி

கொண்டு வாங்க. ஸ்டாண்டை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு முளை அடித்து மிஷினைச் சோதித்துவிட வேண்டும். மூன்றாம் ஆண்டுத் தம்பி, நீயும் வா.

#30 மூன்றாம் ஆண்டு

எத்தனை மணிக்கு ஐயா? பர்கூரிலிருந்து பேருந்து பார்க்க வேண்டும்.